நடையும் நினைவும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத்துறையிலும் தாதியர் சேவையிலும் இயன்மருத்துவத்திலும் வேலை செய்த, இன்றும் செய்கின்ற பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து ஆயத்தம் செய்த உரை இது. பேசுவது ஒரு குரல் என்றாலும் சொல்வது பலர். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'முதுமையும் மூளையும்'. நூற்றாண்டு விழாவுக்கு இது பொருத்தமான தலைப்புத்தான். கல்லூரிக்குக் கட்டடம் உண்டு, காணி உண்டு, நிதியும் உண்டு. பழைய மாணவிகள் சங்கத்துக்கு உள்ள ஒரே மூலதனம் ஞாபகம். யார் எந்த வருடம் படித்தார், எந்த ஆசிரியை எப்படிப் பாடம் எடுத்தார், எந்த இல்லம் எந்த வருடம் வென்றது என்பதையெல்லாம் நாம் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இத்தனை காலமும் சங்கமாக இருந்திருக்கிறோம். அந்த மூலதனத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தக் கல்லூரி நமக்கு இரண்டு விடயங்களைத் தந்தது. ஒன்று படிப்பு. மற்றது விளையாட்டு முற்றம். வலைப்பந்தாட்டமும் எல்லேயும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் நம்மை மூச்சு வாங்க ஓடவைத்தன. படிப்பை நாம் கையோடு கொண்டு போனோம். பட்டமாக, தொழிலாக, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்காக அது இன்றும் நம்மோடு இருக்கிறது. ஓட்டத்தை நம்மில் பெரும்பாலோர் உயர்தர வகுப்போடு வாசலில் விட்டுவிட்டோம். மூளைக்கு இரண்டும் வேண்டியிருந்தன என்று சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

மறதியும் மறதி நோயும்

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். இன்று காலை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் "முகம் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை" என்று சொல்லிச் சிரித்தோம்? அது நோய் அல்ல. வயது போகப் போகப் பெயர்கள் நாவுக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். பிறகு தேநீர் குடிக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்து நிற்கும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் சாதாரண மறதியே.

டிமென்ஷியா என்று சொல்லப்படும் மறதி நோய் வேறு. நாற்பது வருடம் நடந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு வைத்த குழம்பில் எதற்குப் பின் எதைப் போடுவது என்று குழம்புவது, ஒரே தொலைபேசி அழைப்பில் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்பது, காசுக் கணக்குப் பிடிபடாமல் போவது, எப்போதும் அமைதியாக இருந்தவர் திடீரென்று சந்தேகப்படுவது, இவையெல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, மனச்சோர்வு, சில குளிசைகளின் பக்க விளைவு ஆகியவையும் இதே போன்ற மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகையால் முதற்படி வைத்தியரைக் காண்பதே.

மறதி நோய் நமக்கு இரண்டு வழிகளில் வருகிறது. நோயாளியாக வருவது ஒன்று. பெண்கள் நீண்ட காலம் வாழ்வதால் அல்சைமர் நோய் ஆண்களைவிடப் பெண்களிலேயே கூடுதலாகக் காணப்படுகிறது. மற்றது, பராமரிப்பவராக வருவது. தாய்க்கோ மாமியாருக்கோ கணவருக்கோ இந்த நோய் வந்தால் இரவில் விழித்திருப்பவர் பெரும்பாலும் ஒரு மகள், அல்லது மருமகள், அல்லது மனைவி. இந்த மண்டபத்திலேயே அப்படி ஒருவரை இன்றைக்கு மட்டும் வேறொருவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் உள்ள அம்மாவின் குரலில் தெரியும் மாற்றத்தைத் தொலைபேசியில் கேட்டுக் கலங்குபவர்களும் இருக்கிறீர்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 சதவீதம். அதன் பின் இந்த விகிதம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே இது யாரோ சிலருடைய கவலை அல்ல.

மூச்சின் வலிமை

ஒரு மாடிப்படி ஏறுகிறோம். தசைகள் ஒட்சிசனைக் கேட்கின்றன. நுரையீரல் அதை உள்ளே எடுக்கிறது, இருதயம் குருதியோடு அதைத் தள்ளுகிறது, குருதிக்குழாய்கள் கொண்டு போகின்றன, தசைகள் பயன்படுத்துகின்றன. இந்த முழு ஒழுங்கும் எவ்வளவு வேலைக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஏரோபிக் தகுதி என்கிறார்கள். அமெரிக்க வைத்தியர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட நூல் இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியது. நாம் இங்கே மூச்சின் வலிமை என்று சொல்லிக்கொள்வோம்.

நடமாட்டம் வேறு, மூச்சின் வலிமை வேறு. நடமாட்டம் நாம் செய்யும் வேலை. மூச்சின் வலிமை அந்த வேலையால் உடம்பு சம்பாதிக்கும் திறன். நாள் முழுக்க மெதுவாக நடமாடினாலும் ஒரு தடவையாவது மூச்சு வேகமாகாவிட்டால் அந்தத் திறன் அதிகம் கூடுவதில்லை.

கோதன்பேர்க் பெண்கள்

கூப்பரின் நூல் வந்த அதே 1968இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரத்தில் 38 முதல் 60 வயது வரையான 1,462 பெண்களின் உடல்நலத்தை ஆராயும் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. அவர்களில் 191 பேர் ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இனி முடியாது என்று களைக்கும்வரை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்த அளவைக் கொண்டு 40 பேரை உயர்ந்த தகுதியினர் என்றும், 92 பேரை நடுத்தரத்தினர் என்றும், 59 பேரை, சோதனையை இடையில் நிறுத்த வேண்டி வந்தவர்கள் உட்பட, குறைந்த தகுதியினர் என்றும் பிரித்தார்கள்.

அதன்பின் 44 வருடங்கள் இந்தப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், சைக்கிள் சோதனையை அந்தப் பெண்களே மறந்திருப்பார்கள். ஆய்வாளர்கள் மறக்கவில்லை. இடையிடையே ஆறு தடவை மறதி நோய்க்காகப் பரிசோதித்தார்கள். ஹெலெனா ஹோர்டரும் அவருடைய குழுவினரும் 2018இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த தகுதியினரில் 32 சதவீதத்தினருக்கும், நடுத்தரத்தினரில் 25 சதவீதத்தினருக்கும் மறதி நோய் வந்திருந்தது. உயர்ந்த தகுதியினரில் வந்தது 5 சதவீதத்தினருக்கு மட்டுமே. குருதி அமுக்கம், நெஞ்சுவலி போன்ற காரணங்களால் சோதனையை இடையில் நிறுத்த வேண்டி வந்தவர்களில் அந்த அளவு 45 சதவீதம்.

இந்த எண்களைக் கேட்டுத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். 191 பேர் என்பது சிறு தொகை. மூச்சின் வலிமை உள்ள பெண்களுக்கு வேறு நன்மைகளும் இருந்திருக்கலாம். நல்ல மரபணுவோ குறைந்த குருதி அமுக்கமோ இருந்திருக்கலாம். இப்படிப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் அந்தப் பெண்களின் வயதைக் கவனியுங்கள். சைக்கிள் மிதித்தபோது அவர்களின் சராசரி வயது 50. பிள்ளைகளின் பரீட்சை, அலுவலகம், வயதான பெற்றோர் என்று தன்னைப் பற்றி நினைக்கவே நேரம் இல்லாத வயது அது. எழுபதில் வைத்தியர் கேட்கப் போகும் கேள்விக்கு ஐம்பதிலேயே விடை எழுதத் தொடங்குகிறோம் என்பதே இந்த ஆய்வு நமக்குத் தரும் செய்தி.

ஒரு வருட நடை

"நாங்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டோமே" என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு செய்தி உண்டு.

காது மட்டத்தில், மூளையின் இரு பக்கங்களிலும் உட்புறமாக, கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். இன்று காலை என்ன சாப்பிட்டோம், யாரைச் சந்தித்தோம் என்ற புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் வேலை இதனுடையது. முதுமையில் இது வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கேர்க் எரிக்சன், ஆதர் கிரேமர் முதலிய ஆய்வாளர்கள் அதிகம் நடமாடாத 120 முதியவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்தில் மூன்று நாள் நடந்தது. மற்றக் குழு அதே மூன்று நாள் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தது. ஒரு வருடத்தின் பின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டாவது குழுவில் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கோ அது சுருங்காமல் 2 சதவீதம் பெருத்திருந்தது. 2011இல் வெளியான இந்த முடிவு பலரை வியக்க வைத்தது. ஞாபகச் சோதனையில் இரு குழுவினருமே ஓரளவு முன்னேறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடந்தவர்களில் யாருக்கு ஹிப்போகாம்பஸ் கூடுதலாகப் பெருத்ததோ அவர்களுக்கு ஞாபகமும் கூடுதலாக முன்னேறியது.

இதற்கு முன் 1999இல் கிரேமரின் குழு 60 முதல் 75 வயது வரையான 124 பேரை ஆறு மாதம் ஆராய்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு மாறுவது, தேவையற்றதை ஒதுக்குவது ஆகிய திறன்கள் நடந்தவர்களுக்குக் கூடியிருந்தன. அடுப்பில் பால், வாசலில் மீன்காரர், கையில் தொலைபேசி என்று நாம் ஒவ்வொரு நாளும் சமாளிக்கிறோமே, அந்தத் திறன்தான். 2003இல் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண்கள் அதிகமாகப் பங்குபற்றிய ஆய்வுகளில் பயன் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. இது நமக்குச் சொல்லப்பட்டது போலவே இருக்கிறது.

மூளைக்குள் நடப்பது

கால் நடந்தால் தலைக்குள் ஏன் மாற்றம் வரவேண்டும்? மூளை நம் உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதுகூட உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இருதயமும் குருதிக்குழாய்களும் நன்றாக இருந்தால்தான் இந்தப் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும் மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களைப் பாழாக்குகின்றன. பெரிய குழாய் அடைபட்டால் பாரிசவாதம் என்று எல்லோருக்கும் தெரியும். நுண்ணிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டால் வெளியே தெரியாமல் மெல்ல மெல்ல மறதி வரும். தெற்காசியரான நமக்கு நீரிழிவு இளவயதிலேயே, உடல் அதிகம் பருக்காமலே வருகிறது என்பதால் இது நமக்கு இன்னும் முக்கியம்.

மற்றொரு வழியும் உண்டு. மூச்சு வேகமாகும்படி இயங்கும்போது நரம்புக்கலங்களை வளர்க்கும் ஒரு புரதம் கூடுகிறது. ஆங்கில எழுத்துகளில் பி.டி.என்.எவ். என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். பயிருக்கு உரம் போல நரம்புக்கலங்களுக்கு இது. ஓடு சக்கரம் கொடுக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புக்கலங்கள் கூடுதலாக உருவாவதை 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதரில் அது எவ்வளவுக்கு நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதிடுகிறார்கள். நடப்பவர்களுக்கு நித்திரை நன்றாக வருகிறது, மனச்சோர்வு குறைகிறது என்பதில் வாதம் இல்லை. அவையும் மூளைக்கு நல்லவை.

நடையால் முடியாதவை

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டால் நாங்கள் மருந்து விற்பவர்கள் போல் ஆகிவிடுவோம்.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையான 1,635 பேரிடம் இரண்டு வருடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றில், நடையும் பயிற்சியும் செய்தவர்களுக்கும் சுகாதார வகுப்புகளுக்கு மட்டும் வந்தவர்களுக்கும் இடையே சிந்தனைத் திறனில் வேறுபாடு காணப்படவில்லை. 2015இல் அது வெளியானது. 2018இல் பிரித்தானியாவில் ஏற்கெனவே மறதி நோய் வந்த 494 பேரிடம் நடத்திய ஆய்வில், கடும் பயிற்சி உடலின் தகுதியைக் கூட்டியது, மறதியின் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆகவே நடை மறதி நோய்க்கு மருந்து அல்ல. நோய் வந்தவரை வற்புறுத்தி ஓட வைக்காதீர்கள். அவரோடு மாலையில் கை பிடித்து மெல்ல நடவுங்கள். வெளிக்காற்றும் துணையும் அவருக்கு நல்லவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நடந்திருந்தால் உங்கள் அம்மாவுக்கு இது வந்திராது" என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. நன்றாக நடந்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. கோதன்பேர்க்கில் உயர்ந்த தகுதியினரிலும் இருவருக்கு வந்தது. வயது, மரபணு, இடம்பெயர்வு, இழப்பு என்று எத்தனையோ சுமைகளைத் தாங்கிய தலைமுறை நம் தாய்மாருடையது. அவர்களைக் குற்றம் சாட்ட எந்த ஆய்வும் நமக்கு உரிமை தரவில்லை.

நடை ஒன்றே போதும் என்றும் எண்ண வேண்டாம். 2024இல் லான்செற் மருத்துவச் சஞ்சிகையின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் கவனித்தால் உலகில் 45 சதவீதமான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று அது மதிப்பிட்டது. உடலுழைப்பின்மை அவற்றில் ஒன்று. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, உடற்பருமன், கூடாத கொலஸ்திரோல், மனச்சோர்வு ஆகியவையும் அதில் உண்டு. நடை இவை ஒவ்வொன்றையும் ஓரளவு தொடுகிறது. காது கேளாமையும் கண் பார்வைக் குறைவும் அதே பட்டியலில் இருக்கின்றன. காதுக்குக் கருவி போட வெட்கப்படுபவர்களும், கண்ணின் வெண்படலத்தை அகற்றும் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இள வயதில் கல்வி குறைவாகப் பெற்றதும், தனிமையும் அப்பட்டியலில் உள்ளன. பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்கள், தெரியாமலே நம் முதுமைக்கும் நன்மை செய்துவிட்டுப் போனார்கள்.

'வீட்டு வேலை போதாதா?'

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. விடியற்காலை எழுந்து வளவு கூட்டி, சமைத்து, உடுப்புத் தோய்த்து, இரவு வரை ஓய்வில்லாமல் இருக்கும் பெண்ணிடம் "நீங்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும்" என்று சொன்னால் கோபம் வருவது நியாயமே. வீட்டு வேலை வீண் போவதில்லை. சும்மா இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். துலாவில் தண்ணீர் இறைத்து, உரலில் இடித்து வாழ்ந்த நம் பாட்டிமாருக்கு வேறு பயிற்சி தேவைப்படவில்லை. இன்று மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, மிக்சி அரைக்கிறது. களைப்பு மிஞ்சியிருக்கிறது, மூச்சு வாங்கும் வேலை மறைந்துவிட்டது.

எது போதுமான வேகம் என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. தோழியோடு நடக்கும்போது நம் கல்லூரிக் கீதத்தைப் பாடிப் பாருங்கள். முழுவதும் நிம்மதியாகப் பாட முடிந்தால் வேகம் போதாது. பாட முடியவில்லை, ஆனால் ஊர்ப் புதினம் பேச முடிகிறது என்றால் அதுவே சரியான வேகம். பேசவும் முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மற்றத் தடை ஊர் வாய். "இந்த வயதில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு எங்கே போகிறா?" என்ற கேள்விக்குப் பயந்து வீட்டுக்குள் இருப்பவர்கள் பலர். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் தங்கப் பதக்கம் வென்று வந்தபோது நாடே பாராட்டியது. நாம் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. சப்பாத்துப் போட்டால் போதும்.

எப்படித் தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தைச் சொல்கிறது. நாளுக்கு அரை மணித்தியாலமாக ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருப்பது நல்ல தசைப் பயிற்சி. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிக்காலுக்கு முன் மறுகாலின் விரல் படும்படி நேர்கோட்டில் நடப்பது ஆகியவை சமநிலைக்கு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லா நடையும் நின்றுவிடும் என்பதால் இதைச் சிறிதாக எண்ண வேண்டாம்.

முதல் நாளே அரை மணித்தியாலம் வேண்டாம். அமெரிக்க ஆய்வில் நடந்தவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்துக்கு வந்தார்கள். அதே ஒழுங்கை நாமும் பின்பற்றலாம். காலடிகளை எண்ணும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரித்தானியாவில் 78,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 9,800 காலடி நடந்தவர்களிடம் மறதி நோய் பாதியளவாகவும், 3,800 காலடி நடந்தவர்களிடம் கால்பங்கு குறைவாகவும் காணப்பட்டது. பத்தாயிரம் முடியாதென்று இரண்டாயிரத்தோடு நின்றுவிட வேண்டாம் என்பதே இதன் பொருள்.

இருதய நோய், கட்டுப்படாத குருதி அமுக்கம், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் கையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நெஞ்சு வலி, தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி உதவி தேட வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்குச் சைக்கிளும் நீச்சலும் உண்டு.

ஊரில் இருப்பவர்கள் வெயிலுக்கு முன் காலையிலோ, வெயில் தாழ்ந்த பின் மாலையிலோ நடக்கலாம். தெருநாய்களுக்குப் பயம் என்றால் இருவராகப் போங்கள், கையில் ஒரு தடி இருக்கட்டும். சைக்கிள் ஓடத் தெரிந்தவர்கள் அதை விற்றுவிடாதீர்கள். ரொறன்ரோவின் பனியில் இருப்பவர்களுக்குக் கடைத்தொகுதிகளின் உள்வீதிகள் இருக்கின்றன. லண்டன் சகோதரிகளுக்குப் பூங்காக்களும், மெல்பேர்ண், சிட்னி சகோதரிகளுக்குக் கடற்கரையும் உண்டு. எங்கே நடந்தாலும் மூச்சு வேகமாக வேண்டும், கிழமைதோறும் நடக்க வேண்டும்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, ஒவ்வொரு வகுப்புத் தொகுதியும் ஒரு நடைக்குழுவை அமைக்க வேண்டும். தனியே நடப்பவர் மழை வந்தால் நின்றுவிடுவார். "எங்கே காணவில்லை?" என்று கேட்க ஒருவர் இருந்தால் மறுநாள் வருவார். தூரத்தில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டு நடக்கலாம். யாழ்ப்பாணத்தில் காலை நடக்கும் ஒருவர் மெல்பேர்ணில் மதியம் நடக்கும் தோழியோடு பேசலாம். நடையும் ஆகும், தனிமையும் போகும்.

இரண்டாவது, வாரத்தில் சில மாலைகளில் ஒரு மணித்தியாலம் கல்லூரி விளையாட்டு முற்றத்தைப் பழைய மாணவிகளுக்காகத் திறந்துவிட அதிபர் அவர்கள் உதவ வேண்டும். பாதுகாப்பான, வாகனம் இல்லாத, நாய் துரத்தாத இடம் அது. நாம் ஓடப் பழகியதும் அங்கேதான்.

மூன்றாவது இங்கே இருக்கும் மாணவிகளைப் பற்றியது. சாதாரண தரம் வந்தவுடன் விளையாட்டை நிறுத்தி ரியூஷனுக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. அனுப்புவது வேறு யாருமல்ல, தாய்மாராகிய நாமே. பரீட்சை முடியும், மூளை இன்னும் எழுபது வருடம் வேலை செய்ய வேண்டும். பிள்ளையின் ரியூஷன் அட்டவணையில் விளையாட்டுக்கு ஒரு மாலையை விட்டுவையுங்கள். நாற்பது வயதைத் தொட்டிருக்கும் இளைய பழைய மாணவிகளுக்கும் இதையே சொல்கிறோம். கோதன்பேர்க் பெண்கள் சைக்கிள் மிதித்த வயதில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இன்று மாலை தேநீருக்குப் பின் இயலுமானவர்கள் எங்களோடு விளையாட்டு முற்றத்தைச் சுற்றி வாருங்கள். சேலை உடுத்தவர்கள் மெல்ல வரலாம், சப்பாத்துப் போட்டவர்கள் முன்னே போகலாம். பத்து நிமிடம் போதும். கீதம் பாட முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.